குழிக்கு வெளியே முளைத்த வேம்பு

நாகலாபுரம் பக்கம் ஒரு கரிசல் புஞ்சையில் என் மேலதிகாரி குழி குழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனார். எல்லாம் காலி. ஐப்பசியில் எங்கள் வனத்துறை கொடுத்த வேப்பங்கன்றுகள் கோடைக்குள் கருகிப்போயிருந்தன. கன்று உயிரோடு இருந்தால்தான் இரண்டாம் தவணை மானியம். தொண்ணூறுகளில் கோவில்பட்டி வட்டாரம் முழுக்க இந்த விதியைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான்.

புஞ்சைக்காரர் சுப்பையா ஆடு மேய்ப்பவர். தன் ஆடுகளையே உள்ளே விடாமல் முள்வேலி அடைத்துக் காத்தவர். மானியம் வராவிட்டால் அடுத்த மழைக்கு எல்லாவற்றையும் உழுது கம்பு விதைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

ஆனால் புஞ்சையில் வேம்பு இருந்தது. குழிக்கு வெளியே, முழங்கால் உயரத்துக்கு, பச்சைப்பசேலென்று. கன்று நடுவதற்கு முன், ஆவணியில் அங்கே எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டிருந்தார் சுப்பையா. வேப்பம்பழம் தின்ற ஆடுகள் அசைபோட்டுத் துப்பிய கொட்டைகள் முளைத்துவிட்டன.

“இதெல்லாம் யார் நட்டது?” அதிகாரி கேட்டார்.

“ஆடுதான் சார்” என்றார் கூடவே வந்த சுப்பையா.

“ஆட்டுக்கு மானியம் கொடுக்க விதி இல்லையே.”

“நான் என்ன அதுக்கு ரேஷன் கார்டா கேக்கேன்? ஆட்டுக்காரன் ஆட்டை வெரட்டுதான்னு ஊரே சிரிக்கு. மரம் நிக்குதா இல்லையா, அதைப் பாருங்க.”

“பிடுங்கிக் குழியில வச்சிருங்க. அப்புறம் வந்து பாக்கிறேன்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “இந்த வெயில்ல பிடுங்கினா இதுவும் செத்துரும் சார். செத்த கன்னுக்கு மாத்துக் கன்னு வளக்கலாம்னு நம்ம விதியிலயே இருக்கு. அது நர்சரியில இருந்துதான் வரணும்னு எங்கன போட்டிருக்கு?”

அவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, ஜீப் நிழலில் நின்று படித்தார். திருப்பித் திருப்பிப் படித்தார். சுப்பையா என் காதில், “பரீட்சைக்கா படிக்காவ?” என்றார்.

கடைசியில் அதிகாரி ஜீப் பானட் மேல் தாளை வைத்து எழுதினார்: ‘தானாக முளைத்தவை மாற்றுக் கன்றுகளாகப் பேணப்பட்டுள்ளன. பரிந்துரைக்கலாம்.’ ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். விதியை ஆபீசில் ஒரு தடவை படியுங்கள். புஞ்சையில் நின்று இன்னொரு தடவை படியுங்கள். கண்ணில் படாத வரி அப்போதுதான் படும். அதற்கும் மேலதிகாரி மசியவில்லை என்றால் சத்தம் போடுங்கள். வேலை ஒன்றும் போய்விடாது.

மானிய ஆர்டர் வந்ததும் சுப்பையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். கிடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என் பேருலதான வந்திருக்கு? ஆட்டுகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார்.”