நாலு கேன் குறையுது

கதை விடுகிறான் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். என்னோடு இன்னொருவனும் பார்த்தான். அவன் இன்று என் தங்கையின் புருஷன்.

எங்கள் தீயணைப்பு வண்டியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி உண்டு. எண்ணெய்த் தீயை மூடி அணைக்கும் நுரைக்கான கரைசல் அதில் இருக்கும். விளிம்பு வரை நிரப்பி வைப்போம். இடம் விட்டால் வண்டி குலுங்கிக் கரைசல் கெட்டுவிடும்.

வேறு நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்த வண்டி அது. வந்தபோது நிறைந்திருந்தது. அன்று மாலை திறந்தேன். நாலு கேன் குறைவு.

தொட்டி மூடியின் சாவி பம்ப் ஆபரேட்டரிடம் இருந்தது. தங்கைக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை.

"மாப்ள, கரைசல் எங்க?"

"நான் என்ன மச்சான், துணி துவைக்கவா எடுத்துட்டுப் போனேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"திருடனுக்கு என் தங்கச்சியத் தரமாட்டேன்."

அவன் முகம் செத்துப்போனது. சாவியை என் கையில் வைத்தான்.

"நீங்களே ஊத்துங்க. நீங்களே பூட்டுங்க."

நாலு கேன் ஊற்றினேன். நிறைந்தது. பூட்டிவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். மழை பிடித்தது. சாரல் உள்ளே தரையை நனைத்தது.

மணி ஆறு இருபது.

சளக்... சளக்...

வெறுங்கால் சத்தம்.

"யாரு?"

ஈரத் தரையில் ஒரு காலடி. வெள்ளையாக நுரைத்தது. அப்புறம் இன்னொன்று. ஆள் இல்லை. தடம் மட்டும் எங்களைத் தாண்டி... வண்டியின் ஏணி வரை.

ஏணி கிரீச்சிட்டது.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்தான்.

பூட்டு அசையவில்லை.

தளக்...

மூடியோரம் கரைசல் பொங்கி வழிந்தது. வெகுநேரம் வழிந்தது.

நின்றது.

மறுநாள் அந்த வண்டியின் பழைய டிரைவருக்குப் போன் செய்தேன். "நாலு கேன்" என்றதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடியில படிஞ்ச கசடைச் சுரண்ட ஒருத்தர் தொட்டிக்குள்ள இறங்கினாருங்க. உள்ளயே மயங்கிட்டார். மேல இருந்தவங்களுக்குத் தெரியல. விளிம்பு வரைக்கும் ரொப்பிட்டாங்க... அவரைப் பொணமாத் தூக்கினதும் நாலு கேன் குறைஞ்சுது."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இப்போதெல்லாம் நானும் மாப்பிள்ளையும் அந்தத் தொட்டியில் நாலு கேன் இடம் விட்டுத்தான் ஊற்றுகிறோம்.

காலையில் திறந்தால்... நிறைந்திருக்கிறது.