கோபால் என்றொரு படிப்பு

பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு ராஜபாளையத்து வீட்டில் வந்து உட்கார்ந்த அன்றே அப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "தை பொறந்தா மாப்ள பாக்க ஆரம்பிச்சிருவேன். அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் ஒரு கோர்ஸ் முடிச்சுக்க. ஒண்ணே ஒண்ணுதான்." அப்பா பஞ்சு மில்லில் மேஸ்திரி. பீரோ, கட்டில், மிக்சி, கூடவே ஒரு டிப்ளமா என்பது அவருடைய சீர்வரிசை. எனக்கோ வேலைக்குப் போகவேண்டும் என்று வெறி. தைக்குள் வேலை வாங்கித் தருகிற படிப்பாக அந்த ஒன்று இருந்தாகவேண்டும். இல்லையென்றால் டிப்ளமாவோடு சேர்த்து என்னையும் பீரோ போகிற வேனில் ஏற்றிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டரைத் தொட்டவர் ஒருவருமில்லை, ஆலோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. டைப்ரைட்டிங் வாத்தியார் "ஹையர் முடிச்சவளுக்குக் கம்ப்யூட்டர் தன்னால வரும்" என்றார். எதிர்வீட்டு இன்சூரன்ஸ் மாமா "அதெல்லாம் ரெண்டு வருசத்துல காணாமப் போயிரும்" என்றார். டி.வி. வந்தபோதும் இதையேதான் சொன்னார். பிறகு தினமும் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் செய்தி பார்த்தார்.

முதலில் ராஜபாளையத்திலேயே புதிதாகத் திறந்திருந்த சென்டருக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கர்ப்பகிரகம் மாதிரி ஒரு அறைக்குள் கலர் மானிட்டர்கள் உறை போர்த்திக்கொண்டு இருந்தன. தரிசனம் சனிக்கிழமை மட்டும். மற்ற நாளெல்லாம் கரும்பலகையில் கம்ப்யூட்டரைப் படம் வரைந்து பாகம் குறிப்பார்களாம். கோர்ஸின் பெயர் ரயில்பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. வகுப்பெடுப்பவர் போன வருஷம் அதே கோர்ஸைப் படித்தவர். "வேலை கிடைக்குமா?" என்று கேட்டேன். "கோட்டு மாட்டி போட்டோ எடுத்துத் தருவோம்" என்று ரிசப்ஷன் அக்கா பதில் சொன்னாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு சென்டர் இருந்தது. பால்கோவாக் கடைக்கு மாடி. கீழே பால் சுண்டும் வாசனை மேலே வந்து மூக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும். கருப்புத் திரையில் பச்சை எழுத்து, மின்விசிறி ஒன்று, செருப்போடு போகலாம். சார் ஏதோ கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் மொழி ஒன்றே ஒன்று, அதனால் உலகத்தில் படிக்கத் தகுந்த மொழியும் அது ஒன்றுதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். கோபோல். அந்த மொழிக்கு வயதாகிவிட்டதென்று ஊருக்கே தெரிந்ததால் மாணவர்கள் இல்லை. மாணவர்கள் இல்லாததால் மெஷின் காலையிலிருந்து சாயங்காலம்வரை எனக்கே எனக்கு. இந்த மகத்தான ஆராய்ச்சியின் அடிப்படையில்தான் என் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கோபோல் என்று எழுதலாம். எங்கள் பக்கத்து நாக்கில் அது கோபால்தான். சாரே அப்படித்தான் சொல்வார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒருநாள் மதியம் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவசரமாகக் கிளம்பினேன்.

"ஏட்டி, செத்த நேரம் இருந்துட்டுப் போயேன்."

"இல்லத்தே, போறேன். கோபால் இருக்கு. சாயந்தரம் வரைக்கும் கோபால்தான்."

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தை ராஜபாளையம் வந்து இறங்கினாள். "அண்ணே, ஒம்மக கோபாலே கதின்னு கெடக்கா. வாய்கூசாம எங்கிட்டயே சொல்லுதா."

பெருமாளைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று ஒரு பெண் அடம்பிடித்து ஜெயித்த ஊர் அது. அவளுக்குத் தினமும் மாலை சாத்திவிட்டு வருகிறவள்தான் என் அத்தை. மேஸ்திரி மகளுக்கு ஒரு கோபால் என்றதும் மட்டும் நெஞ்சு வெடித்துவிட்டது. நான் எடுத்துச் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

மாடிப்படி ஏறி நேரே சாரிடம் கேட்டார். "இங்க கோபால் யாரு?"

சார் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு தகப்பன் பாடத்தைப் பற்றி விசாரிப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. மெஷினைத் தட்டிக் காட்டி, "இந்தா, இதுக்குள்ளதான் இருக்கார்" என்றார். அப்பா குனிந்து பார்த்தார். நான் பயத்தில் தப்பும் தவறுமாகத் தட்டி ஒரு புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். பச்சை எழுத்துகள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இதே படிப்பு வேற பேர்ல இல்லையா சார்?"

அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'அந்தப் படிப்பு' என்பார்கள். அத்தை மட்டும் கடைசிவரை நம்பவில்லை. கோபாலை மெஷினுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ.

தை பிறந்தது. வேலைக்கு எழுதிப் போட்ட எந்த இடத்திலிருந்தும் பதில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பட்டுச் சேலையில் கேசரித் தட்டோடு நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா டிப்ளமாவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், நகைக்கு மாற்றுப் பார்ப்பதுபோல.

"வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம். ஆனா இதப் பிரேம் போட்டு ஹால்ல மாட்டிருவோம்."

அப்பாவின் தாடை இறுகியது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பெண்ணைப் பெற்றவர் அல்லவா.

அந்த நேரத்தில்தான் தெருமுனை மருந்துக்கடை பாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது, விண்ணப்பங்களில் அவர் கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். நல்ல மனுஷன், வாசலிலிருந்தே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அண்ணாச்சி, மெட்ராஸ்ல இருந்து போனு! கோபால் விசயமாம்! திங்கக்கிழம அங்க இருக்கணுமாம், பாப்பாவ உடனே பொறப்பட்டு வரச் சொல்லுதாக!"

கேசரி பாதி வாயில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோபால் யாரும்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்தார். "இப்பப் பிரேம் போட்டு மாட்டுறேன்னு சொன்னீகளே, அதுதான் கோபால்" என்று சொல்லி, மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த டிப்ளமாவை மரியாதையாக வாங்கிக்கொண்டார். "இருந்து கேசரியச் சாப்பிட்டுப் போங்க. எம்மக மெட்ராஸ் போகணும்."

என்ன நடந்ததென்று பிறகுதான் விளங்கியது. உலகத்துப் பழைய கம்ப்யூட்டர்களெல்லாம் வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் எழுதிப் பழகியவை. ரெண்டாயிரம் பிறந்தால் குழம்பிவிடும் என்று வெளிநாட்டுக்காரன் அலறிக்கொண்டிருந்தான். அவற்றில் முக்கால்வாசி ஓடியது கோபாலில்தான். அவற்றைச் சரிசெய்ய, யாரும் சீண்டாத கோபால் தெரிந்த ஆட்களை மெட்ராஸில் வலைவீசித் தேடினார்கள். கோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் வரிசையில் நிற்க, பால்கோவா மாடியில் படித்த என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். இதில் என் புத்திசாலித்தனம் ஏதுமில்லை. குருட்டுப் பூனை விட்டத்தில் தாவிய கதைதான்.

ஊர் என்ன சொன்னது என்பதைச் சொல்லவே வேண்டாம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மேஸ்திரி மகள் கோபாலோடு ஓடிவிட்டாளாம். நான் மறுக்கவில்லை. ஓடத்தானே செய்தேன்? அந்த மெட்ராஸ் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில், மடியில் என் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி அப்பா தூங்கிக்கொண்டு வந்தார். ஓடிப்போகிற மகளோடு கூடவே ஓடிவந்த தகப்பன் எங்கள் தெருவில் அவர் ஒருத்தர்தான்.