மாசி மகத்தன்று பூட்டிக் கிடந்த இரண்டு அறைகள்

"பென்சிலா, பேனாவா தம்பி?" அறை வேண்டும் என்று போன் செய்தால் அவர் முதலில் கேட்பது இதைத்தான். விருத்தாசலம் ரயிலடிப் பக்கம் இருந்த ஒரு பழைய லாட்ஜின் மேனேஜர் அவர். அவரிடம் நீளமான ஒரு நோட்டு உண்டு. வந்தாலும் வருவோம், வராமலும் போவோம் என்பவர்களின் பெயரைப் பென்சிலில் எழுதுவார். மாலை நான்கு மணிவரை பார்த்துவிட்டு ரப்பரால் அழித்து, அறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். கட்டாயம் வருவோம் என்று சொல்பவர்களின் பெயர் பேனாவில் ஏறும். பேனாவில் ஏறிய அறையை, சம்பந்தப்பட்டவர் வாய்திறந்து வேண்டாம் என்று சொல்லும்வரை யார் வந்து கேட்டாலும் தரமாட்டார். முன்பணம் கிடையாது, கையெழுத்து கிடையாது. "சொல்லிட்டீங்கல்ல, அது போதும்" என்பார். இப்படி ஒரு மனிதர் லாட்ஜ் நடத்தினால் உருப்படுமா என்று நானே அவர் காதுபடக் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே நோட்டை மூடுவார்.

நான் அப்போது ஊருக்கு வெளியே இருந்த ஒரு செராமிக் கம்பெனியில் அலுவலக வேலை பார்த்தேன். மின்சாரப் பெட்டிகளில் மாட்டும் பீங்கான் பியூஸ் கட்டைகள் செய்கிற கம்பெனி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். சரக்கு பார்க்க வெளியூர் வியாபாரிகள் வருவார்கள், அவர்களைத் தங்கவைப்பது என் பொறுப்பு. ஒருமுறை வந்த ஒருவர், லாட்ஜில் ஜெனரேட்டர் இல்லை, கொசு பிடுங்குகிறது என்று பொழுது விடிந்ததும் ஆர்டர் தராமலே ரயிலேறிவிட்டார். அதிலிருந்து முதலாளி எனக்கு ஒரு கட்டளை போட்டார். "மூணு எடத்துல ரூமு போட்டு வையிப்பா. வர்றவரு பாத்து புடிச்ச எடத்துல தங்கட்டும்." கடலூர் ரோட்டில் புதிதாக வந்திருந்த ஏசி ஓட்டல், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ், பிறகு நம் மேனேஜருடையது. மூன்று இடத்திலும் நான் ஒரே மாதிரிதான் சொல்வேன், கட்டாயம் வருவோம் என்று. மேனேஜரிடம் மட்டும் அதற்குப் 'பேனா' என்று பெயர்.

மூன்று இடத்தில் அறை போடுவது தவறா என்று கேட்டால், அந்தத் தொழிலில் இருந்த யாரும் தவறு என்று சொல்லமாட்டார்கள். எல்லாரும் செய்ததுதான். ஆனால் அதற்கும் ஒரு மரியாதை இருந்தது. வேண்டாத இரண்டு அறைகளை நான்கு மணிக்குள் கூப்பிட்டு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும் கேட்கமாட்டார்கள். பேசி முடிக்க அரை நிமிஷம் ஆகாது. இரண்டு மூன்று வருடம் அந்த அரை நிமிஷத்தை நான் ஒழுங்காகத்தான் செலவழித்தேன். மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம், "அதனால என்னா தம்பி, அடுத்த வாட்டி வாங்க" என்பார். ஒரு தடவை கூட அவர் குரல் மாறியதில்லை. மாறியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபிக்கிறவரிடம் கூச்சமில்லாமல் பேசிவிடலாம்.

அந்த வருடம் ஐதராபாத்திலிருந்து ஒரு பெரிய வியாபாரி தன் ஆளோடு வருவதாகத் தேதி சொன்னார். காலண்டரைப் பார்த்தால் அன்று மாசி மகம். விருத்தாசலத்தில் மாசி மகம் என்றால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கோயிலிலும் ஆற்றங்கரையிலும்தான் நிற்கும். லாட்ஜுகளில் மாடிப்படியில்கூட ஆள் படுத்திருப்பார்கள். பத்து நாள் முன்பே நான் மூன்று இடத்திலும் இரண்டிரண்டு அறை சொல்லிவைத்தேன். மேனேஜர் தயங்கினார். "திருவிழா நாளு தம்பி. பேனாவுல போட்டுட்டா அப்புறம் யாருக்கும் குடுக்க மாட்டேன், தெரியுமில்ல" என்றார். நான் கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினேன். அன்று காலை ஒன்பது மணிக்கு அவரே கம்பெனிக்குப் போன் செய்தார். "ரெண்டு ரூமும் கூட்டித் தொடைச்சி வச்சிருக்குது. வந்துடுவீங்கல்ல?" கண்டிப்பாக வந்துவிடுவோம் சார் என்றேன். அப்போது அது பொய்யில்லை. வருகிற ஆள் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாததைக் கண்டிப்பாக என்று சொல்வதற்கு என்ன பெயர் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

வியாபாரி மதிய ரயிலில் வந்து இறங்கினார். வழியெல்லாம் கூட்டம், வெயில், தூசி. முதலில் கடலூர் ரோட்டு ஓட்டலைக் காட்டினேன். ஏசியைப் போட்டதும் கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மற்ற இரண்டையும் பார்க்க வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். நான் கம்பெனிக்குத் திரும்பி, நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பஸ் ஸ்டாண்டு லாட்ஜைக் கூப்பிட்டேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அடுத்து மேனேஜருடைய எண்ணைச் சுழற்றினேன், மணி அடிப்பதற்குள் ரிசீவரை வைத்தேன். காலையில்தான் அந்த மனிதர் அத்தனை நம்பிக்கையோடு கேட்டார், நானும் கண்டிப்பாக என்றேன். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பது? இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஏசி கெட்டு வியாபாரி முகம் சுளித்தால், கைவசம் இரண்டு அறை இருக்கட்டுமே என்று ஒரு கணக்கு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஐந்து மணி ஆனது. இத்தனை கூட்டத்தில் இந்நேரம் அவரே யாருக்காவது கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கொடுக்கமாட்டார் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த ஊரில் இல்லை.

ஆறு மணிக்கு வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேனேஜர். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திருவிழாக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் மிதித்து வந்திருக்கிறார். நான் வாட்ச்மேனை உள்ளே கூப்பிட்டு, நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவன் போய்ச் சொன்னான். எங்கே போயிருக்கிறார் என்று மேனேஜர் கேட்டார். வாட்ச்மேன் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தான். "சாருக்கு திடீர்னு ஒடம்பு முடியலீங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிட்டாங்க." மேனேஜர் பதறிவிட்டார். "ஐயையோ, என்னா செய்யுதாம்?" என்றார். தெரியாது என்றான். வெளியூர்க்காரர்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டார், அதுவும் தெரியாது என்றான். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போவதை ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். பத்தடி ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.

நான்கு நாள் கழித்து வேறொரு வியாபாரிக்காக அந்த லாட்ஜுக்குப் போன் செய்தேன். வேறு குரல் எடுத்தது. பழைய மேனேஜரை நிறுத்திவிட்டார்கள் என்றது. அந்தப் புது ஆள் விவரமாகவே சொன்னார். மாசி மகத்தன்று சாயங்காலம் லாட்ஜ் முதலாளியின் மச்சினி குடும்பம் சேலத்திலிருந்து வயதானவர்களோடு வந்திருக்கிறது. மேனேஜர் அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எங்கேயோ சைக்கிளில் போய்வந்து, அறை இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாராம். விடிந்து முதலாளி வந்து பார்த்தால் இரண்டு அறை சும்மா பூட்டிக் கிடந்திருக்கிறது. "யாருக்காவ வச்சிருந்தன்னு கேட்டிருக்காரு. தேதிய மாத்தி எழுதிட்டேன், என் தப்புதான்னு நின்னாராம். வயசாயிடுச்சி, வேற என்னா" என்றார் புது ஆள். தேதியை மாற்றி எழுதுகிற ஆளா அவர்! படுக்கையில் கிடக்கிறவன் மேல் பழி போட வேண்டாம் என்று, என் பெயரை எடுக்காமலே வேலையை விட்டுக்கொடுத்திருக்கிறார். வேலையோடு வீடும் போயிற்று. லாட்ஜின் பின்கட்டில் இரண்டு அறையில்தான் அவர் குடும்பம் இருந்தது. பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை அடுத்த வாரம்.

என் ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகியிருக்கும். தப்பு என்னுடையது என்று அந்த முதலாளியிடம் போய்ச் சொன்னால் போதும். போனேன். லாட்ஜ் வாசல்வரை போனேன். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். என் கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், வாட்ச்மேனைப் பொய் சொல்லச் சொன்னது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று சாக்குகள் வரிசையாக வந்தன. நான் செய்தது கோழைத்தனம். அதற்கு வேறு நல்ல சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

ஆனி மாதம் அவரே கம்பெனிக்கு வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. கருவேப்பிலங்குறிச்சியில் மனைவியின் அண்ணன் வீட்டில் ஒண்டியிருப்பதாகச் சொன்னார். அங்கிருந்து பஸ் பிடித்து வந்துதான் அந்தப் பெண் பரீட்சை எழுதியிருக்கிறாள். நர்ஸுக்குப் படிக்கவேண்டும் என்று இருந்தவள், கெமிஸ்ட்ரியில் போய்விட்டது. "இங்க ஏதாவது ஒரு வேல இருந்தா போட்டுக் குடுங்க தம்பி" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒடம்பு இப்ப பரவால்லீங்களா? அன்னிக்கு பெரியாஸ்பத்திரில ஆம்பளைங்க வார்டு பூரா தேடுனேன். பாண்டிச்சேரிக்கு தூக்கிட்டுப் போயிட்டாங்க போலன்னு நெனச்சிக்கினேன்." இப்போது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப பரவால்ல சார்" என்றேன். "என்னான்னு கேக்க மாட்டேன். ஆண்டவருக்கு நன்றி" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்றே அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தேன். நல்ல மனுஷன் என்று கம்பெனியில் நாலு பேர் சொன்னார்கள், அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஒன்பது வருடம் அவள் என் கண்ணெதிரே உட்கார்ந்து, காய்ந்து இன்னும் சூளைக்குப் போகாத பச்சைக் கட்டைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊசி போடவேண்டிய விரல்கள் எந்நேரமும் வெள்ளை மண் பூசியே இருந்தன. அவர் பெண்ணாடத்துப் பக்கம் ஒரு கரும்பு எடைமேடையில் காவலுக்குப் போனார். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்னைப் பார்க்க வருவார். மகளுக்கு வேலை கொடுத்ததற்காக ஒவ்வொரு முறையும் நன்றி சொல்வார். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவது என்று நினைப்பேன், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்போது என் மகன் வெளியூர் போகுமுன் போனிலேயே நாலு ஓட்டலில் அறை போட்டு, மூன்றை விரலால் தட்டி ரத்து செய்கிறான். யாரும் காத்திருப்பதில்லை, யாரும் சைக்கிளில் தேடி வருவதில்லை. ஒரு நாள் அவனிடம், வேண்டாததை உடனே ரத்து செய்துவிட்டாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். "என்னப்பா உங்களுக்கு?" என்று சலித்துக்கொண்டான்.

மேனேஜர் போன வருடம் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அவர் மகள் என்னருகில் வந்து நின்றாள். "சார், ஒடம்பு எப்படி இருக்குது?" என்றாள். நல்லா இருக்கேன்மா என்றேன். "அப்பா கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, உங்களுக்கு மறுபடி அந்த நோவு வந்துச்சான்னு. அந்த மாசி மகத்துலேந்து தெனமும் வூட்டுல ஜெபமால சொல்லும்போது, உங்க பேரச் சொல்லி ஒடம்பு நல்லா இருக்கணும்னு தனியா ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவாங்க. எங்களையும் சொல்ல வைப்பாங்க. இனிமே நாங்க சொல்றோம் சார், நீங்க கவலப்படாதீங்க."

எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. இதுவரை ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை.