விமானத்தின் இடது பாதி

பேய் என்ற விஷயத்தை முறைப்படி ஆராய்ந்து, அப்படி ஒன்று கிடையாது என்று ஐயம் திரிபற நிரூபித்தவன் மனித குலத்தில் நான் ஒருவன்தான். எங்கள் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையின் மூன்றாம் இதழில் அந்த நிரூபணம் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தது. மீதி அரைப் பக்கம் காலியாக இருந்ததால், ‘வளர்ந்த மனிதர்கள் ஏன் பிளாஸ்டிக்கைத் தேய்க்கிறார்கள்?’ என்று இன்னொரு ஆராய்ச்சியும் எழுதினேன். அது என் சித்தப்பாவைப் பற்றியது. படித்துவிட்டு அவர், “ரெண்டு எழுத்துப்பிழை இருக்குடா” என்று மட்டும் சொன்னார்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கதை விடுகிற ஜாதி இல்லை. கீழே எழுதியிருப்பது அத்தனையும் நடந்தது. கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது, மில்லிமீட்டர் கணக்கில் அளவுகூட இருக்கிறது. ராத்திரியிலும் நடக்கவில்லை. நல்ல வெயிலில், மதியம் மூன்று பத்துக்கு, பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது.

சித்தப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எந்த ஃபிரேமுக்கும் கண்ணாடியைக் கையாலேயே ஓரம் தேய்த்து உட்கார வைப்பார். வீட்டுக்கு வந்தால் விமானம். முதல் உலகப் போரில் பறந்த இரட்டை இறக்கை விமானங்களின் சின்ன மாதிரிகள். கடையில் விற்கும் சாதாரண கிட் இல்லை. சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தது. வெள்ளைத் தகட்டில் விமானத்தின் பாகங்கள் வீக்கம் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான் கிட். உடம்பு இரண்டு பாதி: வலது, இடது. ஒவ்வொன்றையும் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, வெட்டி எடுத்து, ஈரமான உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கோடு வரை தேய்க்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் போச்சு. இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேராது.

சித்தப்பா தேய்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். தன் பக்கம் இழுப்பார். திரும்பத் தள்ளமாட்டார், தூக்கிக்கொள்வார். இருபது இழுப்பு. பிறகு பாகத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு இருபது. மூன்று வருடம் அவர் வீட்டு ஹாலில் படுத்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் கல்லூரிக்குப் போனேன்.

போன வருடம் ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தார். நண்பர்களுக்கு அனுப்ப, சித்தப்பா மாதிரி நடித்து ஒரு வீடியோ எடுக்கலாம் என்று தோன்றியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் கிடைத்த உப்புத்தாளை எடுத்தேன். அது சொரசொரப்பான ரகம் என்று எனக்குத் தெரியாது. அவர் பாதியில் விட்டிருந்த விமானத்தின் இடது பாதியை அதில் வைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் பரபரவென்று தேய்த்தேன். நாற்பது விநாடி வீடியோ. நண்பர்கள் நன்றாகச் சிரித்தார்கள்.

திருப்பிப் பார்த்தபோது மூக்குப் பக்கம் கோடே இல்லை.

துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அந்தக் கிட்டைத் தன் வீட்டிலேயே செய்து விற்ற ஆள் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார், இன்னொன்று கிடைக்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து சித்தப்பா கேட்டார். “இத யாராச்சும் தொட்டீங்களா?”

“இல்லையே” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தார்.

அடுத்த மாதம் கடையில் சொல்லி, தேய்க்கும் மேசையிலிருந்து முன் கவுண்டருக்கு மாறிக்கொண்டார். கை முன்னே மாதிரி இல்லை, யார் கண்ணையாவது கெடுத்துவிடப் போகிறேன் என்று காரணம் சொன்னாராம். இருபத்தாறு வருடம் உட்கார்ந்த மேசை. அதற்கு அப்புறம் வீட்டிலும் உப்புத்தாளைத் தொடவில்லை. சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் நாளைக்கு என்று நினைத்தேன். ஐந்து மாதம் கழித்து, ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நாளை தீர்ந்துபோனது.

அதற்கு மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, சித்தி அவர் அறையைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். “இத மட்டும் முடிச்சு வச்சிடுடா. பாதியில கிடக்கிறதப் பார்க்க முடியல.” முடியாது என்று சொல்ல எந்த மூஞ்சியை வைத்துக்கொள்வது?

டப்பாவில் இரண்டு பாதியும் இருந்தன. சித்தப்பாவின் வெர்னியர் அளவுகோலை எடுத்து, மூக்கின் ஆழத்தை அளந்தேன். வலது மூக்கு 10.0 மில்லிமீட்டர். இடது 8.4. என் நாற்பது விநாடியின் அளவு ஒன்று புள்ளி ஆறு. இரண்டையும் அவர் மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

செவ்வாய். சித்தி ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவர். ஆறு மணிக்குத்தான் வருவார். பரீட்சை விடுமுறை என்பதால் நான் ஹாலில் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது புத்தகம் திறந்திருந்தது.

மணி 3:10.

சர்ர்...

சர்ர்...

பக்கத்து வீடு என்று நினைத்தேன். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, அதுவாக எண்ணிக்கொண்டது. இருபது. ஒரு சின்ன இடைவெளி. மறுபடி இருபது. இப்படியே போய் 3:25க்கு நின்றது. போய்ப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. ஆனால் மேசை மேல் பதித்த கண்ணாடி ஈரமாக இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர், பிளாஸ்டிக் தூள் கலந்து பால் மாதிரி. நான் தண்ணீர் ஊற்றவே இல்லை.

சித்திதான் காலையில் துடைக்க வைத்திருப்பார் என்று முடிவு கட்டினேன். நிரூபணம் எழுதியவனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது அல்லவா.

புதன். 3:10. சர்ர்... முடிந்ததும் போனேன். கிண்ணத்துத் தண்ணீர் முந்தின நாளைவிடத் தெளிந்திருந்தது. சும்மா இடது பாதியை எடுத்து அளந்தேன்.

8.9.

வெர்னியரைத் துடைத்து மறுபடி அளந்தேன். 8.9. தேய்த்தால் குறையும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இது வளர்ந்திருந்தது.

வியாழன். 9.5. தண்ணீர் கிட்டத்தட்டச் சுத்தம். மூக்கின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ மயிரிழை மாதிரி... கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

பென்சில் கோடு.

நான் தேய்த்து அழித்த கோடு.

அன்றைக்குச் சித்தியிடம் சொல்ல வாய் வந்தது. என்னவென்று சொல்வது? கோடு திரும்பி வந்ததைச் சொன்னால், போனது எப்படி என்றும் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

வெள்ளி. 3:04க்கு அறைக்குள் போய், மேசைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். ஜன்னலில் வெயில். பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின். பயப்பட ஒன்றுமே இல்லை என்று எனக்கு நானே ஒரு தலையங்கம் வாசித்துக்கொண்டேன்.

3:09க்கு வாஷிங் மெஷின் நின்றது.

3:10.

நாற்காலி லேசாக முனகியது. யாரோ உட்கார்ந்தால் முனகும் அந்த முனகல்.

சர்ர்...

நான் மேசையைப் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தேன்.

சர்ர்... மேசை அதிர்ந்தது. என் முழங்கை வரை தெரிந்தது.

திருப்பி, இரண்டாம் இருபது. ஒன்பது... பத்து...

ஈரப் பிளாஸ்டிக் வாசனை.

பதினொன்று...

மூச்சு. என்னுடையது இல்லை.

பன்னிரண்டு...

“சித்தப்பா.”

பதின்மூன்று...

“நான்தான் தேய்ச்சேன். உங்க கை இல்ல. நான்தான்.”

நின்றது.

ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இந்தக் கதையில் நான் மணி குறிக்காத இடம் இது ஒன்றுதான்.

பிறகு...

சர்ர்...

மீதி ஏழு. எண்ணினேன். சரியாக ஏழு.

நாற்காலி முனகியது.

தலையைத் தூக்கியபோது கிண்ணத்தில் தண்ணீர் தெளிவாக, குடிக்கலாம் போல இருந்தது. இடது பாதி 10.0. சுற்றிலும் பென்சில் கோடு, ஓர் இடம் விடாமல்.

அன்று மாலையே இரண்டையும் ஒட்டினேன். நகம் நுழைய இடமில்லாமல் சேர்ந்தன. எல்லாம் முடிந்தது, நானும் சொல்லிவிட்டேன், கணக்கு நேர் என்றுதான் நினைத்தேன். சித்தி வந்து அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தானே சேருது. அப்புறம் ஏன்டா அவர் சேரலைன்னாரு?”

நான் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ நிஜமாவே கண்ணும் கையும் போயிருக்கு அவருக்கு. நான்தான் சும்மா பயப்படறீங்கன்னு திட்டிட்டே இருந்தேன்.” விமானத்தை மெதுவாக அலமாரியில் வைத்தார். திட்டியதற்கு அழ ஆரம்பித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆளில்லாத நாற்காலியிடம் சொல்ல வந்த வாய், எதிரே நிற்கிற ஆளிடம் வரவில்லை. வீடியோவை எப்போதோ அழித்தாயிற்று. என் தப்புக்கு மீதி இருந்த ஒரே அத்தாட்சியும் இப்போது 10.0 ஆகிவிட்டது. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நினைப்பில் ஒரு நொடி எனக்கு நிம்மதி வந்தது. அதைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்குப் பல்செட் மாமா வந்தார். சித்தப்பாவின் ஒரே நண்பர். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார்.

ஒரு விமானத்தின் இடது பாதி.

கவுண்டருக்கு மாறிய அதே வாரத்தில் சித்தப்பா அதை அவரிடம் கொடுத்தாராம். அவர் பட்டறையிலும் தகட்டைச் சூடாக்கி உறிஞ்சுகிற இயந்திரம் உண்டு. குறைந்த இடத்தை மெழுகால் நிரப்பி, அதே மாதிரி ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாராம். இவரும் நாளைக்கு நாளைக்கு என்று டிராயரில் போட்டுவிட்டார். நேற்றுதான் எடுத்து, விளக்குக்கு அடியில் பார்த்திருக்கிறார்.

“இங்க பாரும்மா, கீறலெல்லாம் குறுக்கும் நெடுக்குமா இருக்கு. அவர் ஒரு பக்கமா மட்டும்தான் இழுப்பாரு. இது அவர் தேய்ச்சதே இல்ல. வேற யாரோ தேய்ச்சிருக்காங்க.”

சித்தி அதைப் பார்த்தார். அலமாரியில் இருந்த விமானத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“நான்தான் சித்தி” என்றேன்.

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு சுற்று சுற்றி முடித்தது.

“அவர்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“எப்போ?”

“முந்தாநேத்து. மூணு பத்துக்கு.”

சித்தி சிரிக்கவில்லை. மாமா மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் போன பிறகு வெர்னியரை எடுத்து, அவர் கொண்டுவந்த பாதியை அளந்தேன். 8.4. எட்டு மாதமாக அது அவர் டிராயரில்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் தகர டப்பாவில் இருந்தது எது, நான் ஒட்டியது எதை என்று என்னைக் கேட்காதீர்கள். விமானத்தைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அதை விளக்குக்கு எதிரே பிடித்தால் வலது பக்கம் மெல்லிசாக வெளிச்சம் விடுகிறது. இடது பக்கம் விடுவதில்லை.

சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், சித்தப்பா பிரிக்காமல் வைத்திருந்த இன்னொரு கிட்டை எடுத்துவந்து என் புத்தகத்தின் மேல் வைத்தார். “கோடு போட்டுட்டு வெட்டு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது மதியங்களில் அந்த அறையில்தான் இருக்கிறேன். கதவைச் சாத்திக்கொள்கிறேன். என் பக்கம் மட்டும் இழுக்கிறேன், இருபது, திருப்பி, இன்னொரு இருபது. இடது பாதியை மட்டும்தான். வலது பாதியை வெட்டியதோடு சரி, மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலிக்கு நேராக வைத்திருக்கிறேன். அதில் இன்னும் நான் உப்புத்தாள் வைக்கவில்லை.

அதில் கோட்டுக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் நேற்றைவிட இன்று கொஞ்சம் குறைந்திருக்கிறது.