பூஜ்யம் பேர் ஏறிய நிறுத்தம்

நாற்பத்திரண்டாம் வயதில் என் மனைவிக்கு நகரம் என்றால் என்னவென்று படிக்க ஆசை வந்தது. நான் பதினேழு வருடமாக அதே நகரத்துக்குள் பஸ் ஓட்டுகிறேன். என்னிடம் கேட்டிருந்தால் ஒரே சாயங்காலத்தில் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் கட்டினவன் சொன்னதற்கு யார் பட்டம் கொடுக்கிறார்கள்?

அவளுக்குப் பட்டம் தேவைப்பட்டது. நகரமைப்பு அலுவலகத்தில் அவள் வரைவாளர். பத்தொன்பது வருடமாக இந்த ஊரின் தெருக்களை எல்லாம் வரைந்து வண்ணம் தீட்டுகிறாள். வீடென்றால் மஞ்சள், கடையென்றால் நீலம், பூங்காவென்றால் பச்சை. பச்சை அடித்த இடங்களில் புல்லைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும், அது அவள் குற்றமில்லை. கல்லூரியிலிருந்து புதிதாக ஒரு பையன் வருவான். "அக்கா, இதுல வடக்கு எது?" என்று கேட்பான். ஆறு மாதம் கழித்து உதவித் திட்டமிடுநர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் வரைந்ததில் கையெழுத்துப் போடுவான். இப்படி மூன்று பேருக்கு வடக்கைக் காட்டிக் கொடுத்துவிட்டு, மூன்று பேரையும் "சார்" என்று கூப்பிட்டவள் அவள். அந்த நாற்காலிக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும், அதுவும் நாற்பத்தைந்து வயது முடிவதற்குள். அதனால்தான் சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். படிப்பின் பெயர் நிலைத்த நகர் வளர்ச்சி.

அந்தப் படிப்பு நடக்கும் கட்டடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஊரைச் சுற்றிப் போகும் நாலுவழிச் சாலையின் அந்தப் பக்கம் இருக்கிறது. கடப்பதற்கு வழியில்லை, நடைபாதை இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்து, ஏழாவது மாடிக்குப் போய், மூச்சு வாங்கியபடி முதல் பாடம் கேட்பார்கள். பாடம், 'நடப்பதற்கேற்ற நகரம்'. மின்சாரத்தை மிச்சப்படுத்த அங்கே ஒரு ஏற்பாடு வேறு. அறையில் பத்து நிமிடம் அசைவில்லை என்றால் விளக்குகள் தானாக அணைந்துவிடும். பேராசிரியர் பேச ஆரம்பித்தால் அசைய யாருக்குத் தெம்பிருக்கும்? அதனால் மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு நாள் அவ்வப்போது கையை ஆட்டுவார்களாம். என் மனைவி முறை செவ்வாய்க்கிழமை.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வட்டம். எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் காம்பஸை எடுத்துப் பஸ் நிறுத்தத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஐந்து நிமிடத்தில் நிறுத்தத்துக்கு வந்துவிடுவார்களாம். நடுவில் ரயில் பாதை இருக்கலாம், சாக்கடை இருக்கலாம், பத்தடிச் சுவர் இருக்கலாம். காம்பஸுக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் கார் நடைபாதை மேலேயே ஏறி, லிப்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

வீட்டிலும் காற்று மாறியது. சாப்பாட்டு மேசையில் அவள் வரைபடம், மகளின் பாடப்புத்தகம், இஸ்திரி போடாத என் காக்கிச் சட்டை எல்லாம் குவிந்து கிடக்கும். நான் அதைக் குப்பை என்பேன். "இல்லங்க, இது கலப்புப் பயன்பாடு" என்பாள். வீடும் கடையும் ஒரே தெருவில் கலந்திருந்தால் நகரமைப்பில் அதற்கு அதுதான் பெயராம்.

ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். பஸ்கள் மெதுவாகப் போவது ஏன்? அடிக்கடி நிற்பதால். இந்தக் கண்டுபிடிப்புக்கு இரண்டரை வருடம். ஆள் ஏறாத நிறுத்தங்களைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் பஸ் வேகமாகப் போகும், கார் வைத்திருப்பவன் காரை விட்டு இறங்கி வந்துவிடுவான், காற்று சுத்தமாகும். எண்ணிப் பார்க்க அவள் தேர்ந்தெடுத்தது என் தடம், முப்பத்தொரு நிறுத்தம். ஒவ்வொரு கம்பத்தின் கீழும் இரண்டு நாள் நின்று, ஏறுபவர் இத்தனை, இறங்குபவர் இத்தனை என்று படிவத்தில் குறித்தாள். பத்தொன்பதாம் நிறுத்தத்தில் அவள் வெயிலில் நிற்பதைப் பார்த்து ஹாரன் அடித்துக் கையாட்டிவிட்டுப் போனேன். அன்றைக்கு வீட்டில் கேட்டேன்.

"அங்க நின்னு எண்ணிக்கிட்டிருந்தியே, கணக்கு எவ்வளவு வந்துச்சு?"

"டிரைவர்கிட்ட சொல்லக் கூடாதுங்க. தெரிஞ்சா நீங்க நடந்துக்கற விதம் மாறிடும், கணக்கு கெட்டுடும்."

கூடப் படுத்து எழுந்திருக்கிற டிரைவரிடமும் ரகசியம். விதி என்றால் விதி. நானும் ரோஷத்தில் அதற்குமேல் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நிறுத்தத்தில் கணக்கு பூஜ்யம். இரண்டு நாளும் ஒரு ஈ, காக்கைகூட ஏறவில்லை. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுத்தமான பூஜ்யத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். நிறுத்தத்தை எடுக்கும் பரிந்துரையைப் போக்குவரத்து அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார். அவர்களும், எடுத்துவிடலாம், தேர்வு மட்டும் முடியட்டும் என்று பதில் போட்டுவிட்டார்கள். என் மனைவிக்கு அப்போது நாற்பத்துநாலு வயதும் பத்து மாதமும். வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் நாற்காலி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் மகளையும் சோபாவில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். பத்தொன்பதாம் நிறுத்தத்தின் படம் வந்தது. ஆளில்லாத கம்பம், கீழே கொட்டை எழுத்தில் பூஜ்யம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும்.

"அங்க எப்படி ஆள் ஏறும்? நாங்க யாரும் அங்க நிறுத்தறதே இல்லையே!"

"நிறுத்தறதில்லையா?"

"கம்பத்துக்குக் கீழ சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. வளைவைத் தாண்டினா டயாலிசிஸ் ஆஸ்பத்திரி வாசல். வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு நாலு அடி நடக்க முடியாது. அதனால எல்லா டிரைவரும் வாசல்லயே நிறுத்துவோம். நான் பதினோரு வருஷமா அங்கதான் நிறுத்தறேன். ஒரு நடைக்குப் பத்துப் பேராவது ஏறுவாங்க."

அவள் கையிலிருந்த குச்சியை மேசைமேல் வைத்தாள். வளைவு மறைத்திருக்கிறது. பஸ் தன்னைத் தாண்டிப் போவதை மட்டும் பார்த்துப் பூஜ்யம் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறாள். நிறுத்தத்தை எடுத்தால், அதன்பின் வாசலில் நிற்கிற டிரைவர் மேல் நடவடிக்கை வரும். ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வெளியே வருகிறவர்கள் அடுத்த நிறுத்தம்வரை அறுநூறு மீட்டர் நடக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது கறிக்கு உதவாததோடு நிற்கவில்லை, ஆளையே கொன்றுவிடும் போலிருந்தது.

திங்கட்கிழமை பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் அசரவே இல்லையாம். கம்பம் எங்கேயோ அங்கேதான் நிறுத்தம், டிரைவர்கள் செய்வது விதிமீறல், விதிமீறல் நம் ஆய்வின் எல்லைக்குள் வராது. இப்போது மாற்றினால் முப்பத்தொரு நிறுத்தத்தையும் மறுபடி எண்ண வேண்டும், இன்னொரு பருவம் ஆகும். அதற்குள் நாற்பத்தைந்து தாண்டிவிடும். பேசாமல் தேறுங்கள், திருத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"நீ என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள்.

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இதுதான்: "எதைப் பண்ணினாலும் என் பேரை மட்டும் இழுத்துடாத. டிப்போல மெமோ கொடுத்துடுவாங்க." சரி என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் ஷிப்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, மதியம் முடிந்ததும் காக்கிச் சட்டையோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஒன்று முதல் பதினெட்டு வரை என் மனைவி மளமளவென்று சொன்னாள். பத்தொன்பது வந்ததும் பேராசிரியர் வட்டத்தின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் வெளிச்சம்.

"இந்தப் பூஜ்யம் தப்பு" என்றாள் அவள். "நான் எண்ணினது சரி. நின்ன இடம் தப்பு. இந்த நிறுத்தத்தை எடுக்கணும்ங்கற பரிந்துரையை வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஆதாரம்?" என்று கேட்டார் தேர்வாளர்.

"ஒரு டிரைவர் சொன்னார்."

"எந்த டிரைவர்?"

"பேர் சொல்றதில்லைன்னு ஒத்துக்கிட்டிருக்கேன்."

"பேர் இல்லாத டிரைவர் சொன்னதை வச்சு நான் என்னம்மா எழுதறது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட உட்கார்ந்தே இருந்திருப்பேனோ என்னவோ. அவள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்தேன்.

"நான்தாங்க அது. பதினோரு வருஷமா தப்பான இடத்துல நிறுத்தறேன்."

"பார்வையாளர்கள் பேச விதியில் இடமில்லை" என்றார் பேராசிரியர்.

"பஸ் அங்க நிக்கவும்தான் விதியில இடமில்ல, சார்" என்றார் அந்த அம்மா. "நின்னுக்கிட்டிருக்கே. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, நேர்மைக்குப் பாராட்டு, மறுபடி எண்ணிக் கொண்டுவரவும் என்று தீர்ப்புச் சொன்னார். நேர்மைக்குப் பாராட்டு என்றால் கையில் ஒன்றும் கிடையாது என்று அர்த்தம்.

எனக்கு மெமோ வந்தது. வீட்டில்தான் ஒரு படிப்பாளி இருக்கிறாளே, பதிலை அவளையே எழுதச் சொன்னேன். வரைபடம் போட்டு, கம்பத்துக்கும் வாசலுக்கும் உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்து, ஏறுகிறவர்கள் எண்ணிக்கையோடு பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் படிக்கவே ஒரு டிகிரி வேணும்யா" என்று மேலே அனுப்பினார். மூன்று மாதத்தில் கம்பத்தைப் பிடுங்கி ஆஸ்பத்திரி வாசலில் நட்டார்கள். பேராசிரியர், டிரைவர்களின் அனுபவ அறிவு பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளியூர் மாநாட்டில் வாசித்து மாலையோடு திரும்பினார். விதிமீறல் எப்போது அறிவாக மாறியது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

என் மனைவி மறுபடி எண்ணினாள், தேறினாள், வகுப்பில் முதல் மதிப்பெண். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து முடிந்து ஐந்து வாரம். நாற்காலியில் ஒரு இருபத்தாறு வயதுப் பையன் உட்கார்ந்துவிட்டான். நல்ல பையன், வடக்கு எதுவென்று அவனுக்கே தெரியும்.

பட்டம் தபாலில் வந்த அன்று அதைச் சுவரில் எங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னைக்குப் பேசாம இருந்திருக்கலாம்னு தோணுதா?"

"தோணுது" என்றாள். "அடிக்கடி தோணுது. ஆபீஸ்ல அந்தப் பையன் கையெழுத்துப் போடறப்பல்லாம் தோணுது."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"நான் ஒண்ணும் உடனே சொல்லலையே. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு நாள் பேசாமதான் இருந்தேன். சொல்லக் கூடாதுன்னு முடிவே பண்ணிட்டேன். அந்த நாலு நாளும் சாயங்காலம் வகுப்புக்கு எப்பவும் போற பஸ்ஸை விட்டுட்டு, வேணும்னே உங்க பஸ்ல அந்த வளைவைத் தாண்டிப் போனேன். நீங்க வாசல்ல நிறுத்தி, ஒவ்வொருத்தரும் படி ஏறி முடிக்கிறவரைக்கும் கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருந்தீங்க. நானும் உங்க பின்னாலதான் உட்கார்ந்திருந்தேன். அஞ்சாவது நாளும் அதைப் பார்க்க என்னால முடியலங்க."

அந்த நாலு நாளும் நான் கண்ணாடியில் அவளையும்தான் பார்த்தேன். என் பெயரைச் சொல்லாமல் இருப்பாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.