மூன்று தடவை விழுந்த பூ

போன ஆடி மாதம் ஒரு காலையில், பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் எங்கள் பால் சொசைட்டி வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். பின்னால் நின்றவர்கள் பாய்ந்து வந்து பிடித்தார்கள். என்னையல்ல, என் பால் கேனை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று பிறகு பெருமையாகச் சொன்னார்கள். மாரியம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, சிரித்துவிட்டு மேலே படியுங்கள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் அவ்வப்போது துடிக்க மறந்துவிடுகிறது, பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம் என்றார் டாக்டர். அவர் மலையாளி. "பேடிக்கேண்டா" என்று என் தோளைத் தட்டினார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். அர்த்தம் எனக்குத் தெரியும். பயம்தான் மலையாளம் தெரியாத மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

காரணம் என் பிழைப்பு. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். மருத்துவக் கருவிகளுக்குள் இருக்கும் சிப்பை ஈரமும் காற்றும் தொடாதபடி அடைத்து வைக்கும் உலோக உறைகளும் மூடிகளும் செய்கிறோம். ஒரு மூடி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கீறல் தேடுவதும், உறையில் கசிவு உண்டா என்று சோதிப்பதும் என் பொறுப்பு. மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். என் கண்ணுக்குள் எப்போதும் அந்தச் சிவப்புத் தொட்டிதான். இப்போது அப்படி ஒரு மூடி போட்ட பெட்டியை என் நெஞ்சுக்குள் வைக்கப் போகிறார்கள்!

"டாக்டர், அந்தப் பெட்டிக்குள்ள இருக்குற மூடி எந்தக் கம்பெனிதுங்க? எங்க கம்பெனிது மட்டும் வேண்டாங்க" என்றேன்.

"அது மோசமாணோ?"

"ஐயோ, இல்லீங்க. ரொம்ப நல்ல மூடி. நான்தான் பார்த்து அனுப்பறேன்."

"பின்னே எந்தினா பேடி?"

"நான்தான் பார்த்து அனுப்பறேன். அதுதாங்க பயம்."

பக்கத்திலிருந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டில் யோசித்துச் சொல்கிறேன் என்று, டாக்டர் தடுத்தும் கேளாமல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். யோசனை ஒன்றும் கிடையாது. ஓட்டம்தான்.

என் மனைவி சரசு வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இத்தனை வருசமா ஊட்டுக்கு வந்தா ரிஜெக்ட் ஆனதைப் பத்தியே பேசுவீங்க. பாஸ் ஆனதெல்லாம் எங்கே போச்சுன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

"அதெல்லாம் வெளியூருக்குப் போயிரும், சரசு."

"போயி யாரு நெஞ்சுலயோ வேலை செஞ்சிட்டுத்தானே இருக்குது? உங்களுக்கு மட்டும் என்ன, தனி நெஞ்சா?"

வழி தெரியாதபோது நான் போகும் இடம் அம்மன் கோயில். பூக் கேட்டுவிடலாம் என்று போனேன். உங்களுக்குத் தெரியாததில்லை. அம்மனின் இரண்டு தோளிலும் பூ வைத்து வேண்டிக்கொள்வோம். வலத்தோள் பூ விழுந்தால் செய்யலாம், இடத்தோள் பூ விழுந்தால் வேண்டாம். "தாயே, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடு" என்றே வேண்டினேன். கேட்க வந்தவன், பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

வலத்தோள் பூ விழுந்தது.

"ஃபேன் காத்துங்க" என்றேன். பூசாரி ராமசாமி என் மனைவிக்கு அண்ணன் முறை. போய் ஃபேனை நிறுத்தினார். மறுபடி வைத்தோம். மறுபடியும் வலம்.

"அந்தப் பூவு ஈரமுங்க. கனம் ஜாஸ்தி." வேறு பூ வந்தது. இரண்டையும் என் வேட்டியிலேயே துடைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடி, "தாயே..." என்று ஆரம்பிப்பதற்குள் விழுந்துவிட்டது. வலம்தான்.

நான்காவது தடவை கேட்க வாயைத் திறந்தேன். பூசாரி தட்டைக் கீழே வைத்தார்.

"ஏனுங் மாப்பிள்ளை, உங்க கம்பெனியிலயும் இப்படித்தானுங்களா? நாம நெனச்சது வர்ற வரைக்கும் சோதிச்சுக்கிட்டே இருப்பீங்களா?"

வந்த முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மறுபடி சோதிக்கக் கூடாது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தையே அதுதான். ஒரு சின்ன மூடிக்குக் காட்டிய மரியாதையை என் தாய்க்கு நான் காட்டவில்லை. அவளோ கோபப்படாமல் மூன்று தடவையும் பொறுமையாக அதையே சொல்லியிருக்கிறாள்.

அங்கேயே விழுந்து கும்பிட்டேன். அழுகை வந்தது. இந்த முறை ஒரே வரிதான் வேண்டினேன்: "நீ சொன்னபடி போகிறேன், கூடவே வா."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். பேஸ்மேக்கர் வைத்தார்கள். வார்டுக்குக் கொண்டுவந்ததும் சரசு என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"நிக்காம அடிக்குதுங்க" என்றாள். என் நெஞ்சில் இருக்கும் பெட்டியில் கசிவில்லை. எங்கள் இருவர் கண்ணிலும் இருந்த கசிவை எந்தக் கருவியாலும் நிறுத்தியிருக்க முடியாது.

உள்ளே இருப்பது எங்கள் மூடியா, வேறு ஊர் மூடியா, இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்தப் பெட்டியை எனக்காகக் குனிந்து பார்த்திருக்கிறார். அவர் கண்ணிலும் அம்மன் இருந்திருக்கிறாள். இப்போதெல்லாம் நல்ல மூடியைத் தட்டில் வைக்கும்போது, "போய் வா, யாரையாவது எழுப்பி நடக்க வை" என்று மனதுக்குள் சொல்லி அனுப்புகிறேன். சிவப்புத் தொட்டி இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. பால் சொசைட்டிக்கும் நானேதான் போகிறேன். கேன் பத்திரமாக இருக்கிறது.

பயத்தில் இருக்கும் சொந்தங்களே, அம்மனிடம் போங்கள். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிப் பூக் கேளுங்கள். கட்டாயம் சொல்லுவாள். ஒரே ஒரு தடவை கேளுங்கள், போதும்.