நாங்கள் தூக்கி வந்த கதிரை

மூன்று வருடங்களுக்கு முன், குளிர்காலம் முடிகிற நேரத்தில் நடந்தது இது. சிட்னியில் டூங்கபி என்ற இடத்தில் நாங்கள் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. விடியப் போனால் பின்னேரம்தான் வருவேன். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். என் மனைவி வீட்டில் தனியாக இருப்பாள்.

பிள்ளைகளே, பகல் முழுவதும் முகம் பார்த்துப் பேச ஆளில்லாமல் இருப்பது பெரிய கஷ்டம். அவளுக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம். யாரும் கதவைத் தட்டினால்கூடச் சத்தம் போடாமல் இருந்துவிடுவாள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற தன் அம்மாவோடு ஃபோனில் கதைப்பதிலேயே அவளுடைய நாள் போய்விடும். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"என்னப்பா, நான் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே போயிடுறன். இஞ்ச இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்."

அது பகிடி இல்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

அந்தக் கிழமை, கவுன்சில்காரர் வீடுகளில் இருந்து பழைய சாமான் எடுக்கிற கிழமை. வேண்டாத மெத்தை, மேசை, சைக்கிள் எல்லாவற்றையும் சனங்கள் வீட்டு வாசல் புல்லில் வைத்துவிடுவார்கள். பிடித்ததை யாரும் எடுத்துப்போகலாம் என்பது இங்கே வழக்கம். எங்கள் சோபாவே அப்படி வந்ததுதான். ஒரு பின்னேரம் நாங்கள் மூவரும் நடந்து வரும்போது, எங்கள் தெருவில் ஒரு மரத்தடியில் கைப்பிடி வைத்த மரக் கதிரை ஒன்று தனியாக நின்றது. பூப்போட்ட மெத்தையும் கட்டியிருந்தது.

"புதுசு மாதிரி இருக்கு. ஆரும் இதை எறிவினமே?" என்றாள் மனைவி.

"இந்த நாட்டில ரிவிப் பெட்டியையே எறியினம், கதிரைக்கு என்ன?" என்று தோளில் தூக்கி வைத்தேன். வாசலில் போட்டால் அவள் கொஞ்ச நேரமாவது வெளியே வந்து இருப்பாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

சனிக்கிழமை காலை நான் கார் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் அந்தக் கதிரையில் இருந்தபடி அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பெண் ஊன்றுகோலோடு மெல்ல மெல்ல வந்தார். அந்த மரத்தடியில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மரத்தைப் பிடித்தபடியே சரிந்து புல்லில் இருந்துவிட்டார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

என் மனைவி ஃபோனைப் போட்டுவிட்டு ஓடினாள். யாரும் கூப்பிடாமல் அவள் வாசல் படலையைத் தாண்டியதை அன்றுதான் கண்டேன். "இஞ்சேருங்கோ, கதிரையைக் கொண்டு கெதியா வாங்கோ!" என்று கத்தினாள்.

கொண்டு ஓடினேன். இருவருமாகத் தூக்கி இருத்தினோம். அவர் மூச்சு வாங்கினார், கைப்பிடியைத் தடவினார், மெத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"மை செயார்!" என்றார்.

பின்னால் வந்த மகள், "அப்பா, வீ ஸ்டோல் இட்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகுதான் எல்லாம் விளங்கியது. அவர் லெபனான் நாட்டவர், எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர். முழங்காலில் ஒப்பரேஷன். ஒவ்வொரு நாளும் நடக்கச் சொல்லி டொக்டர் கட்டளை. ஒரே மூச்சில் நடக்க முடியாததால், பாதி வழியில் இளைப்பாற அவருடைய கணவர் வைத்த கதிரை அது. யாரோ அவசரத்துக்கு எடுத்திருப்பார்கள், திரும்ப வைத்துவிடுவார்கள் என்று நம்பித்தான் அன்றும் நடந்து வந்திருக்கிறார்.

என் மனைவி "ஐ ஆம் சொறி, சொறி" என்று அழத் தொடங்கிவிட்டாள். விழுந்தவர் அவர், ஆனால் அவர்தான் தன் சால்வை நுனியால் இவளுடைய கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளும் அழுதபடியே சிரித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"டுமாரோ... ஐ வோக்... வித் யூ."

அடுத்தநாள் உண்மையாகவே போனாள். அதற்கு அடுத்தநாளும் போனாள். அவருக்கும் ஆங்கிலம் எங்களைப் போலத்தான். அவருக்கும் பகலில் பேச ஒருவரும் இல்லை. பாதி வார்த்தையாலும் பாதி கையாலும் கதைத்துக்கொண்டே இருவரும் நடப்பார்கள். "அம்மா, யுவர் கிராமர்!" என்று மகள் சிரிப்பாள். "போடி, எங்களுக்கு விளங்குது" என்பாள் இவள்.

இரண்டு மாதம் போயிருக்கும். லீவு நாள் ஒன்றில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஃபோன் வந்தது. இவள் சப்பாத்து போட்டுக்கொண்டே, "அம்மா, பிறகு எடுக்கிறன். அவ வாசல்ல பார்த்துக்கொண்டு நிக்கிறா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் குசினிக்குள் போய் சும்மா ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். கண் கலங்கியதைப் பிள்ளை பார்க்கக்கூடாதே! ஊருக்குப் போகிற கதை அதற்குப் பிறகு வரவில்லை.

பிள்ளைகளே, நாலு வீடு தள்ளி இருந்த ஒரு நல்ல மனுசியை அறிய எங்களுக்கு ஒரு வருடமும் ஒரு களவும் தேவைப்பட்டது. தனியாக நிற்கிற யாரையும் கண்டால், நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்காமல் முதலிலேயே போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.